அண்ணை ஊற்றிய முதல் பெற்றோல்

பெற்றோல் விற்பதுதான் என் வேலை. பிராங்பேர்ட்டுக்கு வடக்கே, நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்னால் இருக்கும் பெற்றோல் நிலையத்தில் காசாளர். உண்மையில் கோப்பியும் பணிஸ் ரொட்டியும்தான் கூடுதலாக விற்கிறேன். என் கணவர் கார் திருத்தும் பட்டறையில் வேலை செய்கிறார். வேலை முடிந்து வந்தபின், வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டகையில் விமானம் கட்டினார்.

முதல்முறை கேட்பவர்கள் பொம்மை விமானமா என்பார்கள். இல்லை, இரண்டு பேர் ஏறிப் பறக்கும் விமானம். இந்த நாட்டில் ஒருவர் தன் கையாலேயே விமானம் கட்டலாம். பரிசோதகர் ஒருவர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து தட்டிப் பார்த்து ஒப்பமிட்டால் சரி. எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு ஜன்னல் வைக்க இதைவிடக் கூடுதலாக அலைந்தோம்.

இரண்டு இருக்கைகளில் ஒன்று எனக்கு என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. இருக்கைக்கு உறை தைக்க என்ன நிறம் வேண்டும் என்று கேட்டபோது, நான் ஒரு பதில் சொன்னேன்.

“பெற்றோல் எனக்குத் திருப்தியா இருக்கிற அண்டைக்கு ஏறுறன்.”

எங்கள் ஊர்ப் பேச்சில் இதற்குப் பொருள், ஒருநாளும் ஏறமாட்டேன் என்பது. நேரே முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லாமல் இப்படிச் சுற்றிச் சொல்வோம். அவரும் அதே ஊர்ப் பக்கத்து ஆள்தான், விளங்கியிருக்க வேண்டும். ஆனால் மனுஷன் அதைப் பரிசோதகர் சொன்ன நிபந்தனைபோல எடுத்துக்கொண்டார்.

நான் வாழ்க்கையில் விமானம் ஏறியது ஒரே தடவை. பதினெட்டு வயதில் கொழும்பில் ஏறி, மொஸ்கோவில் மாறி, பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினேன். அதன்பிறகு ஏறவில்லை. கனடாவில் தங்கைக்குக் கலியாணம் நடந்தபோது வீடியோவில் பார்த்து அழுதேன். வருகிற போகிற உறவினரைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போவேன். வரவேற்பு மண்டபத்தோடு நின்றுவிடுவேன். காரணம் வேறொன்றுமில்லை, பயம். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊருக்கு மேலே வந்து குண்டு போட்டவை பெரிய விமானங்கள் அல்ல. மூக்கில் விசிறி சுற்றும், இரண்டு பேர் இருக்கும் சின்ன விமானங்கள். சத்தம் கேட்டதும் வளவில் வெட்டிய பங்கருக்குள் ஓடுவோம். பக்கத்து ஊரில் என் கணவரும் அதே சத்தத்தைக் கேட்டவர்தான். நான் பங்கருக்குள் ஓடினேன்; அவர் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தாராம். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட சின்ன விமானம் ஒன்றைத்தான் அவர் கட்டிக்கொண்டிருந்தார், எனக்கு ஓர் இருக்கையும் வைத்து.

எஞ்சினாக அவர் தெரிந்தெடுத்தது, ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து கழற்றிய ரொட்டரி எஞ்சின். அதில் பிஸ்டன் ஏறி இறங்குவதில்லை. மூன்று மூலை கொண்ட ஒரு இரும்புத் துண்டு, அவரைக்கொட்டை வடிவ அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். விமானத்துக்கு இது ஏன் என்று கேட்டேன். “இது எதையும் குடிக்கும்” என்றார். அவருக்கு அது பெரிய விஷயம். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலைக் கண்ணால் காணக் கிடைக்காது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, கிளப்புவதற்கு மட்டும் இரண்டு சொட்டுப் பீய்ச்சுவார்கள். எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பும். அந்தக் காலத்தைக் கடந்து வந்த மனிதருக்கு, எஞ்சினுக்கு வாய்க்கு ருசி இருக்கக்கூடாது.

ஒக்டேன் என்பது என்னவென்று இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எஞ்சினுக்குள் அமுக்கும்போது தானாகத் தீப்பிடிக்காமல் பெற்றோல் எவ்வளவு பொறுத்திருக்கும் என்பதுதான் அந்த எண். பொறுமை இல்லாத பெற்றோல் நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினை உள்ளிருந்து அடிக்கும். ரொட்டரி எஞ்சினில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆகவே எண் குறைந்த பெற்றோலே போதும். கூடிய எண்ணுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். பம்பில் 95, 98, 102 என்று எழுதியிருப்பது எங்கள் கண்ணுக்குப் பரீட்சைப் புள்ளி. தொண்ணூற்றைந்து எடுத்த பிள்ளையிடம் மிச்சம் ஐந்தும் எங்கே என்று கேட்கிற சனம் நாங்கள். கணவர் விமானத்துக்குத் தொண்ணூற்றைந்தே கூட என்று ஒரு பிறந்தநாள் விழாவில் சொன்னபோது, மேசையில் இருந்தவர்கள் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

ஆனால் அந்தத் தொண்ணூற்றைந்தையும் அவரால் ஊற்ற முடியவில்லை. அதற்கு ஒக்டேன் காரணமல்ல, அல்ககோல். இங்கே சாதாரணப் பெற்றோலில் அல்ககோல் கலக்கிறார்கள். காருக்கு ஒன்றும் செய்யாது. விமானத்தின் பெற்றோல் தாங்கியோ கண்ணாடி நாரும் பிசினும் வைத்து அவரே வார்த்தது. அதே பிசினில் செய்த துண்டு ஒன்றை அல்ககோல் கலந்த பெற்றோலில் போட்டு, ஒரு ஜாம் போத்தலில் என் சமையலறை ஜன்னலில் வைத்தார். மறுநாளே விரலில் ஒட்டியது. கொஞ்ச நாளில் நனைந்த அப்பளம் போல ஆனது. தாங்கிக்குள் அப்படிக் கரைந்து கழன்றால், அந்தக் கூழ் குழாயில் போய் அடைக்கும், எஞ்சின் நிற்கும். விமானத்தளத்தில் விற்கும் விமானப் பெற்றோலை ஊற்றலாமே என்றேன். அதில் ஈயம் இருக்கிறதாம், அது ஸ்பார்க் பிளக்கில் படிந்து கெடுக்குமாம். கடைசியில் தொண்ணூற்றெட்டில் வந்து நின்றார். அதில் அல்ககோல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எந்தக் கிழமை எது என்று பம்பில் எழுதியிருக்காது.

அதனால் என் வேலைத்தலத்துக்கே பெற்றோல் கானோடு வருவார். கண்ணாடிக் குழாய் ஒன்றில் கோடு வரைக்கும் தண்ணீர் விட்டு, மேலே பெற்றோல் விட்டு, பம்பிலிருந்து விலகி நின்று குலுக்குவார். அல்ககோல் இருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறும். ஏறாவிட்டால் கானை நிரப்புவார். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர், வெளியே ஒரு ஆள் பெற்றோலைக் குலுக்கி வெயிலில் பிடித்துப் பார்க்கிறான், பொலிஸைக் கூப்பிடட்டுமா என்று என்னிடம் கேட்டார். அவர் அடிக்கடி வருகிறவர் என்று மட்டும் சொன்னேன்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த எஞ்சினுக்குள் சுற்றும் இரும்புத் துண்டின் மூலைகளுக்கு எண்ணெய் வேண்டும். காரில் அதற்கென்று ஒரு சின்னப் பம்ப் இருந்தது. பாரம் குறைக்க அதைக் கழற்றிவிட்டார். ஆகவே ஒவ்வொரு கானிலும் ஒரு தேத்தண்ணிக் குவளை அளவு டூ ஸ்ட்ரோக் ஒயில் கலந்துதான் தாங்கிக்குள் ஊற்றவேண்டும். கலக்காமல் ஓடினால் மூலைகள் உலர்ந்து தேயும். இவை எல்லாம் எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் வேறு கதை இருந்தால்தானே.

விமானம் முடிந்தது. அனுபவமுள்ள விமானி ஒருவர் முதலில் பறந்தார், பிறகு என் கணவர் தனியாகப் பல மணித்தியாலம் பறந்தார். எஞ்சின் ஒருநாளும் நிற்கவில்லை. ஆள் ஏற்றலாம் என்று அனுமதி வந்தது. பத்திரத்தில் எழுதுவதற்காக விமானத்தைக் கடைசியாக ஒருமுறை தராசில் ஏற்றி எடை பார்த்தார்கள், அதற்காகக் கணவர் தாங்கியைக் காலியாக்கினார். நான் ஏறமாட்டேன் என்று அப்போதும் சொன்னேன். “பெற்றோல் இன்னும் திருப்தியில்லையோ?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். அவர் முகம் விழுந்ததைப் பார்த்தேன். பார்த்தும் மாற்றவில்லை. முதல் பயணியாகத் தன் அண்ணையைக் கூப்பிட்டார்.

அண்ணை என்றால் அவருக்குக் கடவுளுக்குக் கொஞ்சம் மேலே. அவரை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர், மொழி தெரியாத காலத்தில் டெர்மின் என்கிற ஒவ்வொரு அலுவலகச் சந்திப்புக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கமும் உண்டு: புது வாகனத்துக்கு முதல் பெற்றோல் மூத்தவர்தான் ஊற்றுவார். எங்கள் மகள் மின்சாரக் கார் வாங்கியபோது சார்ஜ் வயரைச் செருகியதும் அவர்தான். விமானத்தில் அந்த வழக்கம் தவறிப்போனது அவருக்கு மனக்குறை என்று எங்களுக்குத் தெரியாது.

பறப்புக்கு முன்னால் பூசை வைப்பதென்று முடிவானது. விமானத்தைக் கோவிலுக்குக் கொண்டுபோக முடியாது. ஐயர் புல்வெளி விமானத்தளத்துக்கு வந்தார். அவர் பின்னால் உறவினர் கார்கள் வரிசையாக வந்தன. தளப் பொறுப்பாளர் நல்ல ஜேர்மன் மனிதர். விமானங்கள் நிற்கும் ஹங்கருக்குப் பக்கத்தில் நெருப்புக்கு இடமில்லை, இறைச்சி சுடும் அடுப்படியில் மட்டும் கொளுத்தலாம் என்றார். ஆகவே பிள்ளையார் இறைச்சி சுடும் கம்பிக்கு அருகில் எழுந்தருளினார். நாங்கள் கம்பியை வாழையிலையால் மூடினோம்.

கணவர் கார்களுக்கு இடம் காட்டப் போயிருந்தார். நான் வடைப் பெட்டியோடு விமானத்தடிக்கு வந்தபோது, அண்ணை வேட்டி சால்வையோடு புனல் வைத்து ஊற்றிக்கொண்டு நின்றார். இரண்டு கானில் இரண்டாவதும் முடியப்போகிறது.

“அண்ணை, என்ன ஊத்துறியள்?”

“நூற்றிரண்டு, பிள்ளை” என்றார். “இதுக்கு மேலை இந்த நாட்டிலை இல்லை. உம்மட ஸ்ரேசனிலை தொண்ணூற்றெட்டோடை நிண்டுபோச்சு. நான் தேடிப் போய் வாங்கினனான்.”

அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து, காலியான கானை வாங்கி வைத்தேன். அவர் அடுப்படிப் பக்கம் போனதும், கணவரின் பெட்டியிலிருந்து குழாயை எடுத்தேன். தாங்கியின் அடியில் உள்ள திருகிலிருந்து கொஞ்சம் பிடித்து, தண்ணீர் விட்டுக் குலுக்கினேன். வாழ்க்கையில் முதல்தடவை நானே குலுக்கினேன். தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறியது.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குழாயை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“இறக்குங்கோ” என்றேன்.

“ஏலாது.”

“ஏன் ஏலாது? திருகைத் திறந்தால் தானா வரும்.”

“அண்ணை பாத்துக்கொண்டு நிக்கிறாரப்பா. அவர் ஊத்தினதை அவரின்ரை கண்ணுக்கு முன்னாலை எப்பிடி இறக்கிறது?”

“அதுக்குள்ளை ஒயில் இல்லை.”

“மேலாலை விடலாம்.”

“அல்ககோலை என்ன செய்யப்போறியள்? மேலாலை எடுப்பியளோ?”

“ஒரு சுத்துத்தானே. ஒண்டும் செய்யாது.”

எனக்கு வந்த கோபம் இப்போதும் நினைவிருக்கிறது. இந்த மனிதர் வருடக்கணக்கில் குழாயைக் குலுக்கியவர். என் ஜன்னலில் ஜாம் போத்தல் வைத்து பிசினை அப்பளமாய்க் கரைத்துக் காட்டியவர். அந்தக் கூழ் குழாயை அடைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லித்தந்ததே இவர். இப்போது அண்ணையின் முகம் கோணக்கூடாது என்பதற்காக, அதே அண்ணையை ஏற்றிக்கொண்டு, அதே பெற்றோலில் மேலே போகப் போகிறார். இரண்டு பேரும் விழுந்தால் மரியாதையாக விழுவார்கள். பரிசோதகர் நின்றிருந்தால் ஒரு சொல்லில் தடுத்திருப்பார். ஆனால் அவர் ஜேர்மன்காரர், பூசைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

சண்டை போட்டால் கணவர் இன்னும் இறுகுவார். அண்ணையிடம் நேரே சொன்னால் அவர் சரி பிள்ளை என்று சிரித்துவிட்டு, அடுத்த தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வரமாட்டார். நான் அடுப்படியில் நின்று யோசித்தேன். ஐயர் தீபம் காட்டி முடித்து, அவல், கடலை, பழம் எல்லாவற்றையும் பங்கிடச் சொன்னார். அப்போதுதான் எனக்கு வந்தது.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகக் கேட்டேன். “ஐயா, பூசைக்குப் படைச்சது எல்லாத்தையும் பங்கிடவேணுமெல்லே?”

“ஓம், பங்கிடத்தான் வேணும்.”

“அண்ணை முதல் பெற்றோல் படைச்சவர். அதையும் பங்கிடாமல் நாங்களே வச்சிருந்தால் குற்றமெல்லே?”

ஐயர் என்னைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார். பிறகு, கவனித்துக்கொண்டிருந்தேன், தன் காரைப் பார்த்தார். அது பெற்றோல் கார்.

“குற்றம் எண்டு இல்லை” என்றார் நிதானமாக. “ஆனால் பங்கிடுறதுதான் விசேஷம்.”

அதன்பிறகு என் வேலை முடிந்தது. அண்ணையின் நெஞ்சு நிமிர்ந்தது. தன் கையாலேயே பங்கிட வேண்டும் என்றார். கணவர் ஓடிப்போய்த் திருகைத் திறந்தார். அவ்வளவு வேகமாக அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நூற்றிரண்டு ஒக்டேன் பெற்றோல் அண்ணையின் சொந்தக் கான்களுக்கே திரும்பி வந்தது. தாங்கி கடைசிச் சொட்டு வரைக்கும் வடிந்தது. வாகனத் தரிப்பிடத்தில் கார்கள் மூடியைத் திறந்து வரிசையில் நின்றன. அண்ணை புனலோடு ஒவ்வொன்றாக ஊற்றினார். பெண்கள் காரின் முன்கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். டீசல் கார் வைத்திருந்த மச்சான் ஒருவர் தங்களுக்கு மட்டும் ஒன்றுமில்லையா என்று குறைப்பட்டார். அவருக்கு இரண்டு வடை கூடக் கொடுத்தோம். தளப் பொறுப்பாளர் வந்து இது என்ன என்று விசாரித்தார். அறுவடைக்கு நன்றி சொல்லும் உங்கள் தேவாலய விழா போல என்றேன். அவர் போய்த் தன் புல்வெட்டும் இயந்திரத்தின் கானைக் கொண்டுவந்தார். அண்ணை அதற்கும் ஊற்றினார்.

பிறகு கணவர் எங்கள் காரிலிருந்த தன் கான்களை எடுத்துவந்தார். முந்திய நாள் சோதித்து ஒயில் கலந்து வைத்திருந்த தொண்ணூற்றெட்டு. தாங்கியை அதனால் அலசி, அலசியதை வடித்துவிட்டு, மிச்சத்தை ஊற்றினார். நான் பக்கத்தில் நின்று புனலைப் பிடித்தேன்.

எல்லாம் தயார். கணவர் ஏறி இருந்தார். அண்ணை சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு விமானத்தடிக்கு வந்தார். இறக்கையில் கை வைத்தவர், ஏறவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, நீர் ஏறும்.”

“நானோ? நீங்கள்தானே அண்ணை ஏறுறது.”

குரலைத் தாழ்த்தினார். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. “நீர் குழாயைக் குலுக்கினதை நான் பாத்தனான். எனக்கு ஒக்டேன் விளங்காது, ஆனால் உம்மட முகம் விளங்கும். நான் ஊத்தினதிலை நான் ஏறியிருப்பன். இது நீர் பாத்து ஊத்தின பெற்றோல். நீர்தான் ஏறவேணும்.”

எனக்கு வெட்கம் முகத்தில் அடித்தது. அவர் கோபமாக இல்லை, அதுதான் கஷ்டம். இருக்கையில் இருந்து கணவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோல் திருப்தியா என்று கேட்டிருந்தால்கூட ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் சற்று முன்னர்தான் அத்தனை சனத்துக்கு முன்னால் ஒரு தாங்கிப் பெற்றோலை இறக்கி வேறு ஊற்றுவித்தவள் நான். எனக்கு அந்தப் பெற்றோலில் ஒரு குறையும் இருக்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அண்ணை இருக்கைப் பட்டியைப் பூட்டிவிட்டார். ஐயர் சக்கரத்தடியில் தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், வைத்துவிட்டு விலகினார்.

எஞ்சின் கிளம்பியது. சிறுவயதில் கேட்ட அதே சத்தம் அல்ல, கொஞ்சம் வேறு. ரொட்டரி எஞ்சின் தையல் மெஷின் போல ஒரே சீராக ஓடும். ஆனால் விசிறியின் சத்தம் அதேதான். தேசிக்காய் நசுங்க விமானம் உருண்டது, புல்தரை கீழே போனது. மரங்கள், அடுப்படி, வரிசையாக நிற்கும் கார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்த முகங்களை மேலிருந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நான் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இருக்கை உறைக்கு எனக்குப் பிடித்த நீலத்தையே போட்டிருந்தார்.

காதில் மாட்டிய கருவியில் அவர் குரல் கேட்டது.

“பயமா இருக்கோ?”

“ஓம்.”

விமானத்தை மெதுவாக நேராக்கினார். பிறகு, “எனக்கும்தான்” என்றார். “இந்தச் சத்தம் கேட்டால் இப்பவும் ஒளிக்க இடம் தேடுவன்.”

“நீங்கள் வெளியிலை நிண்டு பாத்தனீங்களெண்டுதானே சொன்னீங்கள்?”

“வீட்டிலை ஆக்கள் கூட. பங்கருக்குள்ளை எனக்கு இடம் இருக்கேல்லை.”

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்து, ஒவ்வொரு சாப்பாட்டிலும் பெற்றோல் கதை கேட்ட எனக்கு, இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அழுகை வந்தது. அந்தக் கருவியில் அதுவும் கேட்கும் என்று அடக்கிக்கொண்டேன். ஒரு கையை இருக்கையிலிருந்து எடுத்து அவர் தோளில் வைத்தேன்.

“எவ்வளவு பெற்றோல் கிடக்கு?” என்று கேட்டேன்.

“ஒரு மணித்தியாலத்துக்கு மேலை கிடக்கு.”

“அப்ப அவசரப்பட்டு இறங்க வேண்டாம்” என்றேன்.